ஒரு நொடிக் கதவு

அத்தியாயம் 4

“உங்க ஆப் மட்டும் எப்படி சார் இவ்வளவு வேகமா பதில் சொல்லுது?”
“கேள்வியைப் படிக்கறதில்லை, அதான்.”

*

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு, திருவானைக்காவலில் ஒரு ஒற்றை அறை வீட்டில், இளவரசன் ஒரு காலண்டரை முறைத்துக்கொண்டு நின்றான். மூன்று வருடம் மருந்து கம்பெனி பிரதிநிதியாக டாக்டர் வீட்டு வாசல்களில் காத்துக் கிடந்தவன், நான்கு வருடமாகத் துப்பறியும் ஜெஸிமாவுக்கு உதவியாளன். இரண்டு வேலைக்கும் மூலதனம் ஒன்றுதான்: அடர்ந்த மீசையும் அடங்காத வாயும்.

ஜெஸிமா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பதினாறு வருடம் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். தாளாளரின் மருமகனைப் பாஸ் போட மறுத்து வேலையை விட்டுவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தவள். எதிரில் தரையில் பாக்கியமேரி உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். இன்று பன்னிரண்டு மணிக்கு அவள்மேல் போலீஸில் புகார் போகப் போகிறது.

விஷயம் இதுதான். ஸ்ரீரங்கத்தில் ஸ்ரீநிகேதன் என்று ஒரு அடுக்குமாடி. அதன் மூன்றாவது மாடியில் சுபலட்சுமி மாமியின் வீடு. திங்கட்கிழமை ஏகாதசி என்று குடும்பத்தோடு ஒன்பது மணிக்குக் கோயிலுக்குப் போனவர்கள் பன்னிரண்டரைக்குத் திரும்பினால், பூஜை அறைப் பெருமாள் கழுத்தில் சாத்தியிருந்த பச்சைக்கல் பதக்கம் இல்லை. நான்கு தலைமுறையாக அந்த வீட்டில் இருந்த பதக்கம். பூட்டு உடையவில்லை. மாற்றுச் சாவி இரண்டு உண்டு. ஒன்று பாத்திரம் தேய்க்கும் பாக்கியமேரியிடம் இருக்கிறது, இன்னொன்று அவசரத்துக்கு என்று அசோசியேஷன் ஆபீஸ் அலமாரியில் தொங்குகிறது.

வாசல் கேட்டில் முகம் பார்த்துத் திறக்கும் மெஷின் ஒன்று வைத்திருக்கிறார்கள். அது சொல்கிறது: திங்கட்கிழமை, பத்து மணி இரண்டு நிமிடம், பாக்கியமேரி உள்ளே. அதற்குப் பிறகு யாரும் யோசிக்கவில்லை. மெஷின் யோசித்துவிட்டதே, நாம் வேறு எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

“திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு எங்கம்மா இருந்தீங்க?” என்றாள் ஜெஸிமா.

“இங்கதாம்மா. தூங்கிட்டு இருந்தேன்.”

“யாராச்சும் பார்த்தாங்களா?”

“தூங்கறதை யாரும்மா வந்து பார்ப்பாங்க? எம் பொண்ணு ஜாஸ்லின் ஏழு மணிக்கே வேலைக்குப் போயிட்டா.”

“நல்லா இருக்கு மேடம். சாட்சி சொல்ல ஒரு தலையணைதான் இருக்கு,” என்றான் இளவரசன் காலண்டரிலிருந்து திரும்பாமல். மாதா படம் போட்ட சர்ச் காலண்டர். மாதத்துக்கு இரண்டு தேதிகளில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தது. “இது என்னம்மா, மாதாவுக்கு மாசம் ரெண்டு திருநாளா? நானும் ஞானஸ்நானம் வாங்கிக்கலாம் போலிருக்கே.”

“திருநாள் இல்லைங்க. அது ஏகாதசி.”

ஜெஸிமாவின் பேனா நின்றது.

“அந்த பில்டிங்ல எனக்கு மூணு வீடும்மா. மூணும் ஐயங்கார் வீடு. ஏகாதசின்னா அன்னிக்கு அடுப்பு கிடையாது. ஏதோ ரெண்டு பலகாரம் பண்ணாலும் அவங்களே அலம்பி வச்சுக்குவாங்க. எனக்கு லீவு. ஒன்பது வருஷமா அந்த வட்டம் போட்ட நாள்லதான் வெயில் ஏறுற வரைக்கும் தூங்கறேன்.”

“இதை அவங்ககிட்ட சொன்னீங்களா?”

“நானும் சொன்னேன், மாமியும் சொன்னாங்க. அதுக்கு அந்த செகரட்டரி சார், ‘வேலை இல்லாத நாள்ல வந்திருக்கான்னா திருடத்தான் வந்திருக்கா’ன்னுட்டாரு. செவ்வாக்கிழமையே மூணு வீட்லயும் வரவேண்டாம்னு போன்லயே நிறுத்திட்டாங்க. எம் பொண்ணு இப்பதான் ஒரு ஆஸ்பத்திரில நர்ஸா சேர்ந்திருக்கா. போலீஸ் இங்க வந்து நின்னா அவ எப்படிம்மா வேலைக்குப் போவா?”

ஜெஸிமா எழுந்து ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றினாள். “சாயங்காலம் திருப்பித் தரேன். பதினொரு மணிக்கு உங்களை அங்க வரச் சொல்லியிருக்காங்க இல்ல? போங்க. பயப்படாம போய் நில்லுங்க.”

வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பும்போது இளவரசன் கேட்டான். “திருட்டுக் கேஸுல காலண்டரைத் திருடிட்டு வந்திருக்கோமே மேடம், என்ன விஷயம்?”

“திங்கக்கிழமை ஒரு ஏகாதசிதான், இளவரசு. இதுல இன்னும் நிறைய ஏகாதசி இருக்கு.”

*

அந்த மெஷினுக்கு உயிர் கொடுத்த கம்பெனி தில்லைநகரில் ஒரு மாடியில் இருந்தது. ஏ.சி. உறுமியது. சுவரில் ‘வேகமே எங்கள் வேதம்’ என்று ஆளுயர எழுத்து. அதன் கீழே முதலாளி ஆசீர். வயது முப்பதுக்குள். பேசும்போதே போனைப் பார்த்தான், போனைப் பார்க்கும்போதே டீ குடித்தான், மூன்றையும் அரைகுறையாகச் செய்தான்.

“ஒரே செகண்ட் மேடம்,” என்றான். “ஆள் வந்து நின்னா ஒரே செகண்ட்ல கேட் திறக்கும், பேரைச் சொல்லி வணக்கம் சொல்லும். முன்னாடி அஞ்சாறு செகண்ட் ஆச்சு. வெயில்ல நின்னுட்டு பெரியவங்க எல்லாம் திட்டோ திட்டுன்னு திட்டினாங்க. இப்ப பாருங்க, அஞ்சு ஸ்டார்.”

“நல்லது. இந்தத் தேதில எல்லாம் பாக்கியமேரி வந்தாங்களான்னு பார்த்துச் சொல்லுங்க.” ஜெஸிமா காலண்டரை மேஜையில் விரித்தாள்.

ஆசீர் தட்டினான். லிஸ்ட் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்தது. அதில் அவனுக்கு ஒரு பெருமை. “வந்திருக்காங்க மேடம். ஆறு தேதிலயும் வந்திருக்காங்க. பத்து ஒண்ணு, பத்து நாலு, பத்து ரெண்டு...”

“அந்த ஆறு நாளும் ஏகாதசி. அவங்களுக்கு லீவு.”

“அப்ப பொய் சொல்றாங்க மேடம்.”

“சரி. வேலையே இல்லாத பில்டிங்குக்கு ஆறு தடவை வந்திருக்காங்க. அஞ்சு தடவை வெறுங்கையோட திரும்பிட்டு, ஆறாவது தடவை மனசு வந்து திருடியிருக்காங்க. அதுவும் தினம் வேலைக்கு வர்ற அதே நேரத்துக்கு. அப்படித்தானே?”

“திருட்டுலயும் பங்க்சுவாலிட்டி பாருங்க,” என்றான் இளவரசன். “இப்படி ஒரு ஆளை கவர்மென்ட் ஆபீஸ்ல போட்டா நாடு உருப்பட்டுடும்.”

ஆசீர் டீ கிளாஸைக் கீழே வைத்தான். ஜெஸிமா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சை ஹாலில் பின்பெஞ்சுப் பையன்களைப் பார்த்துப் பழகிய பார்வை அது. அந்தப் பார்வைக்கு முன்னால் நிறைய துண்டுச்சீட்டுகள் தாமாகவே வெளியே வந்திருக்கின்றன.

“அது வந்து மேடம்... முகத்தை முழுசா ஒப்பிட்டுப் பார்க்க அஞ்சு செகண்ட் ஆகும். ஒரு செகண்ட்ல திறக்கணும்னா அதுக்கு நேரம் இல்லை. அதனால ஒரு ஐடியா பண்ணோம். தினமும் பத்து மணி வாக்குல பாக்கியமேரி வர்றாங்க. அப்ப பத்து மணிக்கு யார் வந்து நின்னாலும் அது பாக்கியமேரியாத்தான் இருக்கும்னு வச்சுக்கிட்டு உடனே திறந்து பேரை எழுதிடும். வழக்கமா யாரும் வராத நேரத்துல மட்டும்தான் முகத்தைப் பார்க்கும். நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு தடவை அது சரியாத்தான் இருக்கும்.”

“மீதி அஞ்சு?”

“அதுக்குத்தான் பின்னாடியே ஒரு செக் வச்சிருந்தோம். ஆள் உள்ள போனப்புறம் அந்த முகத்தை நிதானமா ஒப்பிட்டுப் பார்த்து, தப்பா இருந்தா பேரை மாத்திடும்.”

“வச்சிருந்தோம்.” ஜெஸிமா அந்த ஒரு சொல்லைத் தனியாக எடுத்து அவன் முன் வைத்தாள்.

“அது ஓடினா காலைக் கூட்டத்துல கேட் ஸ்லோ ஆயிடுது மேடம். அதனால போட்டோ எடுக்கறதையும் சேர்த்து டெம்பரரியா ஆஃப் பண்ணி வச்சோம்.”

“எவ்வளவு நாளா டெம்பரரி?”

“பதினோரு மாசம்.”

இளவரசனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. பதினோரு மாதமாக முப்பத்தாறு வீட்டுக்காரர்கள் வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, குத்துமதிப்பாகப் பேர் எழுதும் ஒரு பெட்டியை நம்பித் தூங்கியிருக்கிறார்கள். அந்தப் பெட்டியின் குத்துமதிப்பு இன்று ஒருத்தியை ஜெயிலில் தள்ளப் போகிறது. வாட்ச்மேன் தூங்கியிருந்தாலாவது ‘தெரியாது சார், தூங்கிட்டேன்’ என்று சொல்லியிருப்பான்.

“கதவை வேகமா திறந்தது தப்பில்ல தம்பி,” என்றாள் ஜெஸிமா. “திறக்கட்டும். வெயில்ல நிக்கறவங்க உள்ள போகட்டும். ஆனா யாருன்னு பார்க்கலேன்னா பேர் எழுதற இடத்துல ‘தெரியலை’ன்னு எழுதியிருக்கலாமே?”

“தெரியலைன்னு வந்தா கஸ்டமர் கோவிச்சுக்கறாங்க மேடம். என்ன மெஷின் இது, ஒண்ணும் தெரியலைங்குதுன்னு. பேர் வந்தா சந்தோஷப்படறாங்க.” அவன் குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் இறங்கியது. “நிஜமா சொல்றேன் மேடம், இத்தனை நாள்ல ஒருத்தர்கூட சரியா இருக்கான்னு கேட்டதில்லை. வேகமா இருக்கான்னுதான் கேட்டாங்க.”

“பரீட்சையில விடை தெரியலைன்னா காலியா விடறவனுக்கு பூஜ்யம் போடுவேன், மரியாதையோட போடுவேன். பக்கத்துப் பையன் பேப்பர்ல இருந்து ஒரு நம்பரைத் தூக்கிப் போட்டுட்டு கீழே ரெண்டு கோடும் போடறான் பாருங்க, அவனைத்தான் எனக்குப் பிடிக்காது. நீங்க ரெண்டு கோடு போடற ஆளு.” ஜெஸிமா காலண்டரைச் சுருட்டினாள். “வெளியே போற கேட்லயும் இதே கூத்துதானா?”

“இல்ல மேடம். வெளிய போறதுக்குன்னு பின்பக்கச் சந்துல இருக்கறது பழைய வெர்ஷன். அப்டேட் பண்ண நேரம் கிடைக்கலை. அது முகத்தை முழுசா பார்த்து, போட்டோ எடுத்து வச்சுட்டுத்தான் திறக்கும். எட்டு செகண்ட் ஆகும். அங்க நிழல் இருக்கு, யாரும் திட்டலை.”

“அதோட லிஸ்ட் எங்கே?”

“அது அசோசியேஷன் ஆபீஸ் கம்ப்யூட்டர்லயேதான் இருக்கு. முழு ரிப்போர்ட் போட்டா உள்ள வந்தது, வெளிய போனது எல்லாம் சேர்ந்து வரும். ஆனா அது லோடாக நாலு நிமிஷம் ஆகும் மேடம். அதனால யாருமே அதைப் பார்க்கறதில்லை.”

ஜெஸிமா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “எழுந்திருங்க. நாம பார்ப்போம்.”

*

காவிரிப் பாலத்தில் பஸ்களுக்கு நடுவில் நசுங்கி, ஸ்ரீநிகேதன் வாசலுக்கு வந்து சேரும்போது மணி பதினொன்று ஐந்து. இளவரசன்தான் முன்னால் போனான். நெஞ்சை நிமிர்த்தி, மீசையைத் தடவிக்கொண்டு கேமரா முன் நின்றான். இந்தக் கட்டடத்துக்கு அவன் வருவது இதுவே முதல் தடவை.

ஒரு நொடி. கேட் பவ்யமாகத் திறந்தது. தேன் தடவிய பெண் குரல் சொன்னது: “வணக்கம், யோகா டீச்சர் கலைமதி அவர்களே. நல்வரவு.”

இளவரசன் தன் தொந்தியைக் குனிந்து பார்த்துக்கொண்டான். “மேடம், எனக்கே தெரியாம நான் யோகா பண்றேன் போலிருக்கு.”

“பதினோரு மணிக்கு ஒரு யோகா டீச்சர் வருவாங்க சார்,” என்றான் ஆசீர், தரையைப் பார்த்தபடி. “அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிடறோம்.”

கீழ்த்தளத்தில் அசோசியேஷன் ஆபீஸ். மேஜைக்குப் பின்னால் செகரட்டரி ரெங்கராஜ் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது, சலவைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. சுபலட்சுமி மாமி ஓர் ஓரத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். பாக்கியமேரி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். மூன்று நாற்காலி காலியாகக் கிடந்தது, உட்கார் என்று ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

“இவா யாருன்னு கேட்கறேளா? நான்தான் வரச் சொன்னேன்,” என்றாள் மாமி, ரெங்கராஜ் வாயைத் திறக்கும் முன். “என் மனசு ஒப்பலை. ஒன்பது வருஷமா ஆத்துல எல்லா ரூமுக்கும் போய் வரா. ஒரு ஸ்பூன் காணாமப் போனதில்லை.”

“உங்க மனசு நல்ல மனசு மாமி. ஆனா கேஸுக்கு மனசு பத்தாது, ஆதாரம் வேணும்.” ரெங்கராஜ் மேஜையிலிருந்த பிரின்ட் அவுட்டைத் தட்டினார். “மெஷினுக்கு வேண்டியவங்க, வேண்டாதவங்க கிடையாது. மெஷின் பொய் சொல்லாது. பத்து ரெண்டுக்கு இவ வந்தா, பதக்கம் போச்சு. நான் மட்டும் அன்னிக்கு இங்க இருந்திருந்தா இப்படி நடக்க விட்டிருப்பேனா? காலைல ஆறு பத்துக்கே உப்பிலியபுரத்துக்கு வயலைப் பார்க்கக் கிளம்பிட்டேன். மாமி போன் பண்ணதும் அடிச்சுப் புடிச்சு நாலேகாலுக்கு வந்து சேர்ந்தேன். பன்னிரண்டு மணிக்கு ஸ்டேஷனுக்கு வரேன்னு இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லியாச்சு. அதுக்குள்ள உங்க விசாரணையை முடிச்சுக்குங்க.”

“முடிச்சுக்கறோம் சார். முழு ரிப்போர்ட் ஒண்ணு மட்டும் பார்க்கணும்.”

“எது, அந்த நாலு நிமிஷ ரிப்போர்ட்டா?” ரெங்கராஜ் சிரித்தார். “அதெல்லாம் வராதும்மா. தொங்கிப் போயிடும். ஆசீரையே கேளுங்க.”

“வரும் சார். லேட்டா வரும்,” என்றான் ஆசீர். அவன் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து திங்கட்கிழமை முதல் புதன்கிழமை வரை தேர்ந்தெடுத்துப் பட்டனை அழுத்தினான். திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

நான்கு நிமிடம் என்பது பெரிய நேரமில்லை. இட்லி வேகக்கூட இதைவிட அதிக நேரம் ஆகும். மூன்று நாளாக இந்த ஆபீஸில் கூட்டம் போட்டார்கள், தீர்மானம் போட்டார்கள், வாட்ஸ்அப்பில் நூற்றுக்கணக்கில் அபிப்பிராயம் சொன்னார்கள். ஒருத்தியின் பிழைப்பைப் பறித்தார்கள். இந்த வட்டம் சுற்றி முடியும்வரை காத்திருக்க மட்டும் முப்பத்தாறு வீட்டில் ஒருவருக்கும் பொறுமை இல்லை. இளவரசனுக்கு அந்தக் கட்டடத்தையே ஒரு தடவை பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது.

“பாக்கியமேரிம்மா, உட்காருங்க,” என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

ஒரு நிமிடம் ஆயிற்று. ரெங்கராஜ் பேனாவைத் திறந்து மூடினார்.

இரண்டாவது நிமிடம் முடியும்போது எழுந்தார். “ஏம்மா, வீணா டைமைப் போக்கிட்டு... அதான் தொங்குதே. ஆஃப் பண்ணுப்பா.”

“சுத்துது சார். தொங்கலை,” என்றான் ஆசீர்.

மூன்றாவது நிமிடத்தில் ரெங்கராஜின் கை பிளக் பாயிண்ட் பக்கம் போனது. அங்கே ஏற்கெனவே இளவரசன் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். “ஷாக் அடிக்கும் சார். யோகா டீச்சர் சொல்றேன், மூச்சை நல்லா இழுத்து விடுங்க.”

வட்டம் நின்றது. லிஸ்ட் விழுந்தது.

ஜெஸிமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். அவசரமே இல்லை. விரல் ஓரிடத்தில் நின்றது, மேலே போனது, மறுபடி கீழே வந்தது.

“மாமி,” என்றாள். “பாக்கியமேரி திங்கக்கிழமை பத்து ரெண்டுக்கு உள்ள வந்தாங்கன்னு இதுலயும் இருக்கு. ஆனா வெளிய போகவே இல்லை. அன்னிக்குப் போகலை, செவ்வாய், புதன், எதுலயும் போகலை. மெஷின் பொய் சொல்லாதுன்னா இவங்க நாலு நாளா இந்த பில்டிங்குக்குள்ளதான் எங்கயோ இருக்காங்க. மொட்டை மாடில தேடச் சொல்லலாமா?”

மாமி திகைத்துப் பார்த்தாள். “அதோ நிக்கறாளே!”

“அதேதான். உள்ள வந்த ஒருத்தர் வெளிய போகலை. அப்ப கணக்கு சரியாகணும்னா, உள்ள வராமலே வெளிய போன ஒருத்தர் இருக்கணும். இருக்காங்க.” ஜெஸிமா திரையைத் திருப்பினாள். “திங்கக்கிழமை காலைல ஆறு பத்து, ரெங்கராஜ், வெளியே. பத்து இருபத்தேழு, ரெங்கராஜ், வெளியே. சாயங்காலம் நாலேகால், ரெங்கராஜ், உள்ளே. சார், எனக்குக் கணக்கு கொஞ்சம் தெரியும். ஒரு மனுஷன் நடுவுல உள்ள வராமலே ரெண்டு தடவை வெளிய போறது எப்படின்னு மட்டும் எனக்குத் தெரியலை. சொல்லிக் குடுங்களேன்.”

ரெங்கராஜின் முகத்தில் சலவை கலைந்துவிட்டது.

“அது... மெஷின் ஏதாவது தப்பா எழுதியிருக்கும்.”

“ஐயையோ!” என்றான் இளவரசன். “மெஷின் பொய் சொல்லாதுன்னு அஞ்சு நிமிஷம் முன்னாடி ஒருத்தர் சொன்னாரே, அவரைப் பார்த்தீங்களா சார்? இங்கதான் உட்கார்ந்திருந்தார்.”

“முன்கேட்டு பொய் சொல்லும் சார், அது அவசரக்காரன்,” என்றாள் ஜெஸிமா. “பின்கேட்டு சொல்லாது. அதை அப்டேட் பண்ண இவங்களுக்கு நேரமில்லாமப் போனது உங்க துரதிர்ஷ்டம். ஆசீர், அந்தப் போட்டோ.”

ஆசீர் பத்து இருபத்தேழைத் தட்டினான். அந்த ரிப்போர்ட்டைப் போலவே படமும் மெதுவாக, மேலிருந்து கீழே, ஒவ்வொரு வரியாகத் திறந்தது. முதலில் நெற்றி. பிறகு மூக்குக்கண்ணாடி. பிறகு சலவைச் சட்டையும் இரண்டு பேனாவும். கடைசியில் மார்போடு அணைத்துப் பிடித்த ஒரு மஞ்சள் துணிப்பை.

மாமி வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். “பெருமாளே! அந்தப் பை பூஜை ரூம்ல இருந்ததாச்சே. பெருமாளுக்குச் சாத்தற வஸ்திரம் வச்சிருந்தேனே அதுல!”

அதற்கு மேல் ரெங்கராஜ் ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டார். காலையில் எல்லோரும் பார்க்கும்படி காரில் கிளம்பி, காரைத் தெருவோரம் விட்டு, மாமி குடும்பம் கோயிலுக்குப் போகிறவரை காத்திருந்து, நடந்தே திரும்பி வந்திருக்கிறார். அலமாரிச் சாவி அவர் கையில்தானே. கேமராவில் தன் பெயர் விழும், எதையோ மறந்துவிட்டு எடுக்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தாராம். சாயங்காலம் வந்து லிஸ்டைத் திறந்தால் அவர் வந்த நேரத்தில் பாக்கியமேரி என்று இருந்தது. மனுஷன் முதலில் பயந்திருக்கிறார், பிறகு பெருமாள் கிருபை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறார். அதற்கப்புறம்தான் இந்த மெஷின் பொய் சொல்லாது என்கிற பிரசங்கம் ஆரம்பமாகியிருக்கிறது. திருடியதைக்கூட ஒரு கணம் மன்னிக்கலாம். தன் பழியை ஒருத்தி சுமப்பதை மூன்று நாள் பார்த்துக்கொண்டு பேனா திறந்து மூடினாரே, அதை இளவரசனால் மன்னிக்க முடியவில்லை.

“பதக்கம் எங்கே?” என்றாள் ஜெஸிமா.

“உப்பிலியபுரத்துல... மோட்டார் ரூம்ல.”

“இன்ஸ்பெக்டர் பன்னிரண்டு மணிக்கு உங்களை எதிர்பார்த்துட்டு இருக்கார் இல்ல? புகார் எழுதி ரெடியா இருக்கு. பேர் மட்டும் மாத்தினா போதும். இளவரசு, சாருக்குத் துணையா ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வாங்க.”

“மேடம்,” என்று ஆசீர் இழுத்தான். “இதை அடுத்த வெர்ஷன்ல...”

“இப்பவே உட்கார்ந்து அந்த செக்கை ஆன் பண்ணுங்க தம்பி. கேட் மெதுவா திறக்கட்டும். யாராச்சும் திட்டினா பாக்கியமேரிம்மா பேரைச் சொல்லுங்க.”

ஆசீர் தலையாட்டிவிட்டுத் தட்ட ஆரம்பித்தான். இந்தத் தடவை அவன் போனைப் பார்க்கவில்லை.

சுபலட்சுமி மாமி எழுந்து பாக்கியமேரியிடம் வந்தாள். கையைப் பிடிக்கப் போய், பிடிக்காமல் நின்றாள். “பாக்கியம், நான் சொன்னேன், யாரும் கேட்கலை. நானும் இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கணும். தப்புதான். நாளைக்கு வந்துடறியா? மத்த ரெண்டு ஆத்துலயும் நானே பேசறேன்.”

பாக்கியமேரி இடுப்பிலிருந்து மாமி வீட்டுச் சாவியை எடுத்தாள். ஒன்பது வருடம் இடுப்பிலேயே இருந்து தேய்ந்த சாவி. அதை மேஜைமேல், அந்தப் பிரின்ட் அவுட்டின்மீது வைத்தாள். ஜெஸிமா நீட்டிய காலண்டரை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்வாசல் பக்கம் நடந்தாள்.

ரெங்கராஜை முன்னால் விட்டுப் பின்னால் வந்த இளவரசன் சந்துக்கேட்டின் அருகில் அவரை நிறுத்தினான். வரிசையில் அவள் முன்னால் நின்றாள்.

பழைய கேமராவில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. கேட் உடனே திறக்கவில்லை. அவள் தலையைக் குனியவில்லை. நிமிர்ந்து, நேராக, அதன் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு நொடி, நான்கு, ஆறு. அந்தக் கட்டடத்தில் அவள் முகத்தை நின்று பார்க்க அந்த ஒரு கதவுக்குத்தான் பொறுமை இருந்தது.

எட்டாவது நொடியில் கேட் கிறீச்சிட்டுத் திறந்தது. கரகரத்த பழைய குரல் சொன்னது: “போய் வாருங்கள், பாக்கியமேரி அவர்களே.”

“வர மாட்டேன்,” என்று அதனிடம் சொல்லிவிட்டு, அவள் வெயிலில் இறங்கி நடந்தாள்.